வரிசையின் வலது கோடி

ஹ்ராபினா,
14 ஆகஸ்ட் 1983

அன்புள்ள அக்கா ஹெர்மினா,

ஈஸ்டருக்கு ஓர் அட்டை போடுவதோடு சரி என்று இருப்பவன் ஆகஸ்டில் கடிதம் எழுதினால், யாரோ செத்துவிட்டார்கள் என்றுதான் நினைப்பாய். யாரும் சாகவில்லை. என் வலது கண் மட்டும் போய்விட்டது.

பயப்படாதே, வலி எதுவும் இல்லை. ஒரு நாள் காலையில் எழுந்தேன், வலது கண்ணுக்கு முன்னால் ஈரத்துணி தொங்குவது போல இருந்தது. இன்றுவரை அது விலகவில்லை. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் பார்த்துவிட்டு, உள்ளே ரத்தக்குழாய் அடைத்துவிட்டது, பார்வை இனி திரும்பாது என்றார். "அதான் இன்னொரு கண்ணு நல்லா இருக்கே, அப்புறம் என்ன?" என்று தோளில் தட்டி அனுப்பினார். பட்டணத்து மனுஷன். துப்பாக்கியை எந்தக் கண்ணால் பார்த்துச் சுடுவார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

என் மனைவி எவா போன பிறகு என்னை வீட்டைவிட்டு வெளியே இழுப்பது காடு ஒன்றுதான், அக்கா. அது உனக்குத் தெரியும். நம் வேட்டைச் சங்கத்துக்கு இப்போது கெய்சா தலைவன். அப்பா உட்கார்ந்த அதே நாற்காலி. போய்ச் சொன்னேன். "கண்ணு தெரியாதவனுக்குத் துப்பாக்கி எதுக்கு? நவம்பர்ல கம்ப எடுத்துக்கிட்டு பசங்களோட காடு கலைக்க வா, வெந்தெல். சூப்பு ஒனக்கும் உண்டு" என்றான். பையன்கள் காட்டைக் கலைத்து விரட்ட, துப்பாக்கியோடு முப்பத்தைந்து வருஷம் வரிசையில் நின்றவனைப் பார்த்துச் சொல்கிறான்!

இடது தோளில் வைத்துச் சுடப் பழகிக்கொள்கிறேன் என்றேன். சிரித்தான். நவம்பர் வேட்டைக்குள் பழகிக் காட்டு, இல்லாவிட்டால் துப்பாக்கியைச் சுவரில் மாட்டு என்றான். சுவரில் மாட்டினால் நானும் பக்கத்திலேயே தொங்க வேண்டியதுதான்.

எனக்குத் தெரிந்த ஒரே இடதுகைக்காரி நீதான். அதனால்தான் கேட்கிறேன். ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு எப்படி மாறுவது?

அப்பா போய் நாலு வருஷம் ஆகிறது. அடக்கத்தன்று நாங்கள் எல்லோரும் துக்கத்துக்குத் தொப்பியின் இடது பக்கம் ஊசியிலைக் கொத்தைச் செருகிக்கொண்டு நின்றோம். நீ வருவாய் என்று பாதிரியார் கொஞ்ச நேரம் காத்திருந்தார். குறையாகச் சொல்லவில்லை. கல்லறை சுத்தமாக இருக்கிறது என்பதற்காகச் சொன்னேன்.

உன் தம்பி
வெந்தெலின்


பிரதிஸ்லாவா,
23 ஆகஸ்ட் 1983

டேய் வெந்தெல்,

கண் என்று படித்ததும் கையில் இருந்த கத்தரிக்கோல் கீழே விழுந்தது. அரசியின் பாவாடை ஒன்று என்னால் பாழாகியிருக்கும். நாடகக் கொட்டகையில் தையல்காரி அழுதால் யாரும் கேட்க மாட்டார்கள். ஏதோ ஒத்திகை என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள். நன்றாக அழுதேன். பிறகு நீ கேட்ட கேள்வியைப் பார்த்துச் சிரித்தேன். கோபித்துக்கொள்ளாதே.

அறுபது வயதுவரை ஒருத்தி காத்திருந்த கேள்வியடா அது. எப்படி மாறுவது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அம்மாவின் ஏப்ரன் நாடாவால் என் இடது கையை நாற்காலியோடு கட்டிவிட்டு, "இப்ப சாப்புடு" என்பார் அப்பா. நீ எதிரே உட்கார்ந்து இரண்டு கிண்ணம் சூப் குடிப்பாய். நான் ஒன்றை முடிப்பதற்குள் அது ஆறி மேலே கொழுப்பு படிந்துவிடும். இன்றைக்கும் எழுதுவது வலது கை, துணி வெட்டுவது இடது கை. நடுவில் நான்.

சரி, கேள். துப்பாக்கியை ஒரு மாதம் தொடாதே. முதலில் சூப்பை இடது கையால் குடி. சட்டைப் பொத்தான், ரேசர், சாவி, விறகுக் கோடரி எல்லாம் இடது கைக்கு மாறட்டும். கோடரியில் மட்டும் நிதானம்; கால் இரண்டும் நமக்கு வேண்டும். கை முட்டாள் இல்லை, வெந்தெல், அதற்கு ரோஷம்தான் அதிகம். திட்டினால் வராது. எனக்குத் தெரியும், திட்டினார்களே.

ஊருக்கு வருவதைப் பற்றி எழுதாதே. இலையுதிர் காலத்தில் புது நாடகம், மூச்சுவிட நேரமில்லை.

கண்ணைக் கசக்காதே.

ஹெர்மினா


ஹ்ராபினா,
2 அக்டோபர் 1983

அன்புள்ள அக்கா,

நீ சொன்னபடியே செய்தேன். நாய்க்கு ஒரு வாரம் நல்ல விருந்து, நான் சிந்திய சூப்பில். முகம் மழிக்கப் போய்க் காது ஓரமெல்லாம் வெட்டிக்கொண்டேன். மாதா கோயிலில் இடது கையால் சிலுவை போட்டேன். பக்கத்து வீட்டு மார்கிதா அத்தை, "சாத்தான் பக்கம் சாஞ்சுட்டியாடா?" என்று முழங்கையால் இடித்தாள்.

பிறகு துப்பாக்கியை எடுத்தேன். அப்பாவின் அதே துப்பாக்கிதான். குண்டு போடாமல், சமையல்கட்டில் நின்று, அலமாரி மேல் இருக்கும் காப்பி டப்பாவைப் பார்த்து இடது தோளுக்குத் தூக்கித் தூக்கி இறக்கினேன். தினமும். முதலில் யாரோ அடுத்தவன் பெண்டாட்டியோடு நடனம் ஆடுவது போலக் கூச்சமாக இருந்தது. கன்னத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. குண்டை ஏற்றும் போல்ட் வலது பக்கம் இருப்பதால் ஒவ்வொரு தடவையும் துப்பாக்கிக்கு மேல் கை போட்டு இழுக்க வேண்டும். மண்குவாரியில் முதல் குண்டைச் சுட்டபோது துப்பாக்கி மேல் இருக்கும் தொலைநோக்கி உதைத்து என் இடது புருவத்தைக் கிழித்துவிட்டது. கண்ணுக்கு மிக அருகில் வைத்திருக்கிறேன், மடையன். பள்ளிக்கூடத்தில் உனக்குக் கிடைத்த பிரம்படி மாதிரி எனக்கு இது என்று வைத்துக்கொள். கணக்கு கொஞ்சமாவது நேரானது.

ஆனாலும் குவாரியில் வைக்கும் டப்பாவில் குண்டு படுகிறது, அக்கா. நின்று சுட்டால் பத்துக்கு ஏழு.

காடு வேறு. போன வாரம் ஓடைக்கரையில் ஒரு மான் வந்தது. கொம்பு அழகாக இருந்தது. நான் எதையும் யோசிக்கவில்லை. கை தானாக வலது தோளுக்குத் தூக்கிவிட்டது. பார்த்தால் புகைமூட்டம். அந்தப் புகைக்குள் எங்கோ மான். விரல் விசை மேலேயே இருந்தது. சுட்டிருந்தால் வயிற்றில் பட்டிருக்கும். இரவெல்லாம் புதரில் கிடந்து செத்திருக்கும். இறக்கி வைத்துவிட்டு, அந்த ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். மான் என்னைப் பார்த்தது, நிதானமாகப் போனது. அன்றைக்குத்தான் முதல் தடவையாக விட்டுவிடலாமா என்று நினைத்தேன்.

கெய்சாவிடம் டப்பாவைக் காட்டினேன். சுடுவது சரி என்று ஒப்புக்கொண்டான். ஆனால் வரிசையில் நிறுத்த மாட்டானாம். "ஒங்கப்பாவே சொன்னதுதான். இடது தோள் துப்பாக்கி பக்கத்து ஆளத்தான் பாக்கும்" என்றான். உன்னிடம் அப்பா இதையேதான் சொன்னார், இல்லையா? உனக்குப் பதினாறு வயதில், நீயும் வரிசையில் நிற்கிறேன் என்று கேட்டபோது.

வெந்தெலின்


பிரதிஸ்லாவா,
11 அக்டோபர் 1983

தம்பி,

ஆமாம், இதையேதான் சொன்னார். வார்த்தை மாறவில்லை. பொம்பளை என்று சொல்லியிருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பேன். "நீ சுட்டா பக்கத்துல நிக்கிறவன் சாவான்" என்று சொன்னால் என்ன பதில் சொல்வது? அன்று முழுக்க என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன், அது யாரையோ கொன்றுவிட்டது போல.

உன் கடிதத்தை நாலு நாள் பையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். நேற்று ஒத்திகையில் மேலே பால்கனியிலிருந்து வாத்தியக்காரர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் குழுவில் திபோர் என்று ஒரு பிடில்காரன். இடதுகைக்காரன். அவன் வில் மற்றவர்களுக்கு எதிர்ப்பக்கம் போகும், பக்கத்து ஆளின் மூக்கில் இடிக்கும். அதற்காக அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களா? இல்லையே. வரிசைக் கோடியில் ஒரு நாற்காலி போட்டார்கள். வில் இடிக்கிற பக்கம் யாரும் இல்லை. அவ்வளவுதான்.

நீயே பார். துப்பாக்கியை இடது தோளுக்குத் தயாராகப் பிடித்தால் குழல் எந்தப் பக்கம் சாய்கிறது? வலது பக்கம். அப்படியென்றால் உன்னை வரிசையின் வலது கோடியில் நிறுத்தச் சொல். அந்தப் பக்கம் மனுஷன் கிடையாது, சதுப்பு நிலம் மட்டும்தான். உன் குழல் சதுப்பைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும், தவளைகள் ஒன்றும் சொல்லாது.

மானை விட்டாயே, அதற்காக உன்னை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது. துப்பாக்கியைச் சுவரில் மாட்டாதே. எனக்காக மாட்டாதே.

அந்த ஓடைக்கரையில் இப்போதும் ஹேசல் கொட்டை மரங்கள் இருக்கின்றனவா? சும்மா கேட்டேன்.

ஹெர்மினா


ஹ்ராபினா,
21 நவம்பர் 1983

என் அன்பு அக்கா,

வலது கோடி! கெய்சாவிடம் சொன்னதும் பேனாவை எடுத்து, ஒரு காகிதத்தில் வரிசையை வரைந்து, என்னைக் கோடியில் ஒரு புள்ளியாக வைத்து, குழலுக்கு ஒரு கோடு இழுத்தான். "அட, இது ஏன் யாருக்கும் தோணல?" என்றான். உன் யோசனை என்று சொன்னேன். அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

சனிக்கிழமை வேட்டையன்று மூடுபனி. நான் சதுப்பு ஓரம் நின்றேன். காடு கலைக்கிற பையன்களின் கூச்சல் மேட்டிலிருந்து இறங்கி வந்தது. நடுவில் இரண்டு மூன்று குண்டுச் சத்தம். எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது ஒரு காட்டுப்பன்றி, பெரியது, ஆளில்லாத பக்கமாகத் தப்பித்துப் போவோம் என்று என் கோடியைச் சுற்றிக்கொண்டு வரிசைக்குப் பின்னால் பாய்ந்தது. வலது பக்கமாகத் திரும்ப வேண்டும், அக்கா. பழைய தோளாக இருந்தால் என் இடுப்பு பாதியில் நின்றிருக்கும். இடது தோளில் கதவு திறப்பது போலத் திரும்பியது. கை யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. சுட்டேன்.

பன்றி நாணலுக்குள் போய்விட்டது. அந்த மான்தான் ஞாபகம் வந்தது. கெய்சா தன் நாய் போத்ரீக்கை ரத்தத் தடத்தில் விட்டான். ரொம்ப தூரம் இல்லை. நாணலைத் தாண்டினதும் கிடந்தது, உயிர் இல்லாமல். நெஞ்சில் சுத்தமான அடி. நான் அழுதேன், மற்றவர்கள் பனிக்காற்று என்று நினைத்திருப்பார்கள்.

இப்போது நான் செய்த முட்டாள்தனத்தைக் கேள். வழக்கப்படி, செத்த பன்றியின் வாயில் கடைசிக் கவளமாக ஓர் ஊசியிலைக் கொத்து வைத்தோம். கெய்சா இன்னொரு கொத்தை ஒடித்து, ரத்தத்தில் தொட்டு, கத்தி மேல் வைத்து என்னிடம் நீட்டினான். மூன்று மாதமாக எல்லாவற்றையும் இடது, இடது என்று பழகியவன், வாங்கித் தொப்பியின் இடது பக்கம் செருகிவிட்டேன்!

வென்றவன் வலது பக்கம் செருக வேண்டும், இடது பக்கம் துக்கத்துக்கு. சின்னப் பையனுக்கும் தெரியும். கிழவன் ஸ்தெவோ மெதுவாகத் தொப்பியைக் கழற்றினான். ஒவ்வொருவராகக் கழற்றினார்கள். கெய்சா என் காதோரம் வந்து, "வெந்தெல், யாருடா போயிட்டா? சொல்லவே இல்லியே?" என்றான். கண்ணில் நீரோடு நிற்கிறேன், இடது பக்கம் கொத்து வேறு. "யாரும் இல்ல! கை மறந்துடுச்சு!" என்றேன். அப்புறம் சிரித்தார்கள் பார், சூப் அண்டாவே அதிர்ந்தது. "இடது கைக்கு இன்னும் பண்பாடு வரல" என்று ஸ்தெவோ இன்றுவரை சொல்லித் திரிகிறான்.

நாய் தேடிக் கொடுத்த வேட்டை என்றால் கொத்தில் பாதி நாய்க்கு, அது வழக்கம். பாதியைப் போத்ரீக்கின் கழுத்துப்பட்டையில் செருகினேன். மிச்சம் இருந்த என் பங்கையும் இரண்டாக ஒடித்து ஒன்றை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். வழி கண்டுபிடித்துக் கொடுத்தவள் நீ. உன்னை நாயோடு சேர்த்துவிட்டேன் என்று சண்டைக்கு வராதே.

அக்கா, வீட்டுக்கு வந்த பிறகு எனக்குச் சந்தோஷம் நிலைக்கவில்லை. வரிசையில் ஒரு கோடி, அவ்வளவுதான். நாற்பத்து நாலு வருஷத்துக்கு முன்பே அந்தக் கோடி அங்கேதான் இருந்தது, சதுப்பும் அங்கேதான் இருந்தது. அப்பா உன்னை அங்கே நிறுத்தியிருக்கலாம். அவருக்குத் தோன்றவில்லை. கெட்ட மனுஷன் இல்லை, தோன்றவில்லை. எனக்கு அது தாங்கவில்லை.

டிசம்பரில் இன்னொரு வேட்டை, பதினேழாம் தேதி. உனக்கு உரிமம் இல்லை, துப்பாக்கி தர முடியாது. ஆனால் என் பக்கத்தில் நிற்கலாம், வலது கோடியில். மறுநாள் மண்குவாரியில் உனக்காகக் காப்பி டப்பா ஒன்றை வைப்பேன். கெய்சா அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டானாம், அவனே சொன்னான்.

ஹேசல் மரங்கள் இருக்கின்றன.

வெந்தெல்


பிரதிஸ்லாவா,
8 டிசம்பர் 1983

வெந்தெல்,

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது என்று சிரிக்காதே. இது இடது கை. ஏழு வயதுக்குப் பிறகு இன்றைக்குத்தான் அதனிடம் பேனா கொடுத்தேன். அதுவும் உன்னைப் போல ரோஷக்காரிதான். மையை மேசையெல்லாம் ஈஷிவிட்டது.

நாய்க்குச் சமமாகப் பங்கு வந்ததில் பெருமைதான். கடிதத்தைப் பிரித்ததும் காடு மணந்தது. பக்கத்தில் இருந்த பெண் கிறிஸ்துமஸ் மரம் வந்துவிட்டதா என்று கேட்டாள்.

அடக்கத்துக்கு நான் ஏன் வரவில்லை என்று நீ ஒருநாளும் நேராகக் கேட்கவில்லை. புது நாடகம் என்று தந்தி கொடுத்தேன். நாடகம் எல்லாம் ஒன்றும் இல்லை. பெட்டி கட்டி, பஸ் நிலையம் வரைக்கும் வந்தேன். குழியில் ஒரு பிடி மண் போட வேண்டுமே, அதை எந்தக் கையால் போடுவது என்று தெரியவில்லை. வலது கையால் போட்டால் அது அவர் கட்டாயமாகப் பழக்கிய கை. இடது கையால் போட்டால் அவர் கோபித்துக்கொள்வார். பஸ் போய்விட்டது. நான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன்.

கொத்தைக் கோட்டில் குத்தியிருக்கிறேன். இடது பக்கம். நான் உன்னை மாதிரி மறக்கவில்லை, தெரிந்துதான் குத்தினேன். அப்பாவுக்காக. நாலு வருஷம் தாமதம், போகட்டும்.

பதினாறாம் தேதி வெள்ளிக்கிழமை மத்தியான பஸ்ஸில் வருகிறேன். முதலில் கல்லறைக்குப் போகலாம். மண் உறைந்திருக்கும், ஒரு சின்ன மண்வெட்டி எடுத்து வை. எந்தக் கை என்று இப்போது தெரியும்.

சனிக்கிழமை கோடியில் உன் பக்கத்தில் நிற்கிறேன். சூப்பை நான் சமைக்கிறேன், இரண்டு பேரும் சூடாகக் குடிப்போம்.

உன் அக்கா
ஹெர்மினா