காற்றுக்கு வைத்த பொட்டு

மச்சான்,

மானம் போன கதையை நானே சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் செய்தி எங்கும் போய்ச் சேர்ந்துவிடும், நீ இருக்கும் இடத்துக்கும் வந்திருக்கும். இன்று காலை ஜமுனாமரத்தூர் சந்தையில், நாலு பேர் பார்க்க, பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நம் கார் காற்றை இழுக்கிற சத்தத்தை வாயால் செய்துகொண்டிருந்தேன். "ஹூஊஊஸ்!" பேரன் எடுத்த வயதில் இல்லை என்றாலும், எடுக்கக்கூடிய வயதில் இருக்கிற ஆள். பின்னால் புளி விற்கும் அக்கா, "இன்னாண்ணா, மூச்சு முட்டுதா? சுக்குக் காப்பி வாங்கியாரட்டா?" என்று கேட்டார். "வண்டிய டெஸ்ட் பண்றேங்க்கா" என்றேன். "வண்டிதான் சும்மா நிக்குதே" என்றார்.

எல்லாம் அந்தச் சந்தன வாசனையால் வந்தது. சூடான எஞ்சின்மேல் காய்ந்த சந்தனம். பானெட்டைத் தூக்கியதும் குப்பென்று வந்தது, நீயும் கூடவே வந்துவிட்டாய்.

நாம் இரண்டு பேரும் சேர்ந்து வாங்கிய கார் இது. ஓட்டுவது நான், பழுது பார்ப்பது நீ, திட்டு வாங்குவது இரண்டு பேரும், கொடுப்பது என் அக்கா. கட்டிய புருஷனையும் கூடப் பிறந்தவனையும் ஒரே மூச்சில் திட்ட அவளால்தான் முடியும். ஒரு மழைக்காலத்தில் எலி புகுந்து எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயைக் கடித்துவிட்டது. ஃபில்டர் இருக்கும் டப்பாவும் விரிசல் விட்டிருந்தது. அங்கே ஆரம்பித்தது நம் சண்டை.

நீ கம்பெனி டப்பாதான் வேண்டும் என்றாய். வேலூரில் சொல்லி வைத்திருப்பதாகச் சொன்னாய். நான் அதே வேலூரில் வெளிக்கடை ஒன்றில் கோன் ஃபில்டர் வாங்கி வந்துவிட்டேன். ஐஸ்கிரீம் கோனைக் கவிழ்த்தது போல, சிவப்பாக, வெள்ளிப் பூண் போட்டு, பார்த்தாலே நாலு கார் விலகி வழிவிடும். கடைக்காரர் அதை வாயில் வைத்து ஊதியே காட்டினார். எதிரே காலண்டர் ஆடியது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

"கம்பெனிக்காரன் டப்பாவுக்குத் தனியா மூக்கு வெச்சிக்கீறான்டா. ஓரத்துலேர்ந்து குளுந்த காத்த எடுக்கும். உன் கோனு எஞ்சின் சூட்டையே குடிக்கும். போதாததுக்கு நம்ம செம்மண்ணு."

"டப்பா மூச்ச அடைக்குது மச்சான். காத்து தாராளமா போனா இழுவை தாராளமா வரும்."

"யார் சொன்னது?"

"கடக்காரரு."

நீ மீசையைக் கடித்துக்கொண்டாய். கடைசியில், "எது வழியா போனா இன்னா, மேல ஏறுனா சரி" என்று விட்டுக்கொடுத்தாய். என் வாழ்நாளில் உன்னிடம் நான் ஜெயித்த முதல் வழக்கு அது.

விளையாட்டுச் சமயமா அது? வெள்ளிக்கிழமை உன் மகளைப் பார்க்கக் கலசப்பாக்கத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் நம் காரில் வருவதாக இருந்தது. அவளுக்கும் பையனுக்கும் ஏற்கனவே பிடித்துப்போயிருந்தது. பையனின் அம்மாவுக்குத்தான் மலை பிடிக்கவில்லை. "அந்த மலைக்கு யாருங்க போய்ட்டு வர்றது? நடுவழியில வண்டி நின்னா இன்னா பண்றது?" என்று தரகரிடம் சொல்லியனுப்பியிருந்தார். பாதியில் வண்டி நின்றால் சம்பந்தமும் அங்கேயே நிற்கும். உன் மகள் என்னிடம் வந்து, "மாமா, வண்டி ஏறிடும் இல்ல?" என்று மட்டும் கேட்டாள். நான் கோனைக் காட்டினேன். அவள் உன்னைப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை காலை நான் பழம் வாங்கப் போய்த் திரும்புவதற்குள் நீயே மாட்டி முடித்திருந்தாய். புதுப் பொருளுக்குப் பொட்டு வைக்காமல் நம் வீட்டில் எதுவும் நகராதே. நான் சந்தனத்தைக் குழைத்துக் கோன் முழுக்க அப்பினேன். "பொட்டு வெக்கச் சொன்னா பூசி மொழுவறியே" என்றாய்.

கலசப்பாக்கத்தில் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு அடிவாரத்துச் செக்போஸ்ட்டுக்கு வருவதற்குள் எஞ்சின் சூட்டில் கார் முழுக்கச் சந்தனம் மணத்தது. சந்தனக்கட்டை கடத்தலுக்குப் பேர்போன இந்த மலையில், அந்த வாசனையோடு, செக்போஸ்ட்டில்! காவலர் மூக்கைத் தூக்கினார்.

"இன்னா வாசனை இது? கட்ட கீதா? டிக்கியத் தொற."

சம்பந்தியம்மாவின் முகம் இறுகிவிட்டது. முன் சீட்டிலிருந்து இறங்கி, பையனின் கையைப் பிடித்துத் தள்ளி நின்றார். டிக்கியில் பழமும் பூவும்தான். "பானெட்டத் தொற" என்றார் காவலர். திறந்தேன். மஞ்சளாய்க் காய்ந்து, நடுவில் குங்குமத்தோடு, அம்மன் மாதிரி உட்கார்ந்திருந்தது கோன்.

"இன்னாங்க இது?"

"காத்து போற ஃபில்டர் சார். புச்சு. கண்ணு படக்கூடாதுன்னு..." என்றாய் நீ.

"அதுக்கு வண்டி மூக்கையே அடச்சிட்டீங்களே!"

காவலர் சிரித்துவிட்டார். அந்த அம்மா எட்டிப் பார்த்தார். பிறகு பையனிடம் சொன்னார்: "காத்துக்கே பொட்டு வெக்கறவங்கடா. வர்றவங்கள எப்படிப் பாத்துப்பாங்க!" அவர் குனிந்து இன்னும் நன்றாகப் பார்ப்பதற்குள், "சூடுங்க, கையி சுட்டுக்கும்" என்று அவசரமாகப் பானெட்டை மூடினாய்.

அதற்குப் பிறகு ஏறினோம் பார், அதுதான் ஏற்றம்! ஒரு வளைவிலும் திணறவில்லை. நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்த சொகுசுக் காரைத் தாண்டினோம். ஒவ்வொரு கியர் மாற்றும்போதும் அந்த "ஹூஊஊஸ்" எனக்குத் தெளிவாகக் கேட்டது. "கேக்குதா மச்சான்? வெளி ஐட்டம்!" என்று கத்தினேன். நீ மீசையைக் கடித்தபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய், தோள் குலுங்கியது. தோற்ற வருத்தம் என்று நினைத்து உன்மேல் இரக்கப்பட்டேன். வீட்டுக்குள் கால் வைத்ததுமே சம்பந்தியம்மா தட்டை மாற்றிக்கொள்ளலாம் என்றார். உன் மகள் கதவுக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். அது எனக்கா, கோனுக்கா என்று இன்றுவரை கேட்கவில்லை.

நீ போன பிறகும் ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் கோனைத் துடைத்துப் பொட்டு வைக்கிறேன். இன்று காலைகூட உன் மகளையும் உன் பேரனையும் கலசப்பாக்கத்திலிருந்து அதே காரில்தான் ஏற்றி வந்தேன். எங்கும் நிற்கவில்லை. பேரன் பின் சீட்டில் "ஹூஸ்" என்கிறான், வம்சம் தழைத்துவிட்டது. ஆகவே மச்சான், எங்கே இருந்தாலும் ஒத்துக்கொள்: கம்பெனி டப்பா தோற்றது, வெளி ஐட்டம் வென்றது.

சந்தையிலிருந்து வரும்போது, இத்தனை உழைத்த கோனை ஒரு முறையாவது கழற்றிக் கழுவட்டும் என்று காரை மெக்கானிக்கிடம் விட்டு வந்தேன். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் செய்தார்.

"அண்ணா, இந்தச் செவப்புக் கோனு எதுலயும் சேரலியே. பின்னாடி கம்பிய வெச்சுக் கட்டி நிக்க வெச்சிக்கீறாங்க. காத்து கீழ கம்பெனி டப்பா வழியாத்தான் போவுது. கழுவணுமா?"