கோழி என்று சொல்லிப் படைத்த பன்றிக்கறி

என் ஆசை நைனாவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆனதற்கு, போன ஞாயிற்றுக்கிழமை தம்பி சேகர் வீட்டில் உனக்குப் படையல் போட்டோம். நீ வந்தாயா? வராமல் இருந்திருந்தால் ரொம்ப நல்லது. அன்றைக்கு அடித்த நாற்றம் இன்னும் என் மூக்கிலேயே இருக்கிறது.

மகன் இருக்கும்போது மகள் வீட்டில் எப்படிப் படைப்பது என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். சரி என்று நானும் கள்ளிக்குப்பத்திலிருந்து காட்டுப்பாக்கம் போனேன். இன்னும் கல்யாணம்கூட ஆகவில்லை, அதற்குள் சேகர் அங்கே ஃப்ளாட் வாங்கிவிட்டான், உனக்குத்தான் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. ஹாலில் உன் படம் மாட்டியிருக்கிறான். நல்ல சட்டம் போட்டு, சின்ன விளக்கும் எரிகிற படம்.

படையல் என்றால் உனக்குப் பிடித்ததைத்தானே வைக்க வேண்டும்? அம்மா போன பிறகு ஞாயிற்றுக்கிழமை அடுப்பு உன்னுடையது. கம்பெனி லீவு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, தோலோடு கொழுப்போடு பன்றிக்கறி வாங்கி வந்து, தேங்காய்ப் பல்லும் மிளகும் போட்டுச் சுருளச் சுருள வறுப்பாய். தெருவே மணக்கும். அதை விட்டுவிட்டு உனக்கு வேறு என்ன வைப்பது?

சேகரிடம் சொன்னதும் அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "அக்கா, இது ஃப்ளாட். எல்லா மாதிரி ஆளுங்களும் இருக்காங்க. வாசனை போனா பேசுவாங்க" என்றான். "சரிடா, நானே ஊட்ல ஆக்கி எடுத்துக்கினு வரேன்" என்றேன். அதுவும் முடியாதாம், லிஃப்டில் வாசனை நிற்குமாம்.

கடைசியில் அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். ஸ்லோ குக்கர் என்று ஒரு சட்டி வாங்கி வந்தான். கரண்டில் வைத்துவிட்டால் நாள் முழுக்க மெதுவாக வேகுமாம், மூடி போட்டால் வாசனையே வெளியே வராதாம். அதில் மெக்சிகோக்காரர்கள் பன்றிக்கறியைப் போட்டுக் கெட்டியாக ஒரு குழம்பு வைக்கிறார்கள் என்று போனில் வீடியோ காட்டினான். "யாராவது கேட்டாலும் மெக்சிகன்னு சொல்லிக்கலாம்க்கா" என்று சிரித்தான்.

காலையிலேயே ஆரம்பித்தான். கறிக்கடைக்காரரிடம் தோலையும் கொழுப்பையும் எடுத்துவிடச் சொல்லி, கறுப்புக் கவருக்குள் கவர் போட்டு, திருட்டுப் பொருள் மாதிரி கொண்டு வந்தான். கறியை வதக்கக்கூட இல்லை. ஊறவைத்த மிளகாயை அரைத்து, தக்காளி, ராஜ்மா, மக்காச்சோளம், பீட்சாவோடு வருகிற அந்தக் காய்ந்த தழை எல்லாவற்றையும் கொட்டி மூடினான். கண்ணாடி மூடி வழியாகப் பார்த்தால் கறி வெளிறிப்போய், துவைத்த துணி தண்ணீரில் கிடக்கிற மாதிரி கிடந்தது. 

வாசனை வராது என்றானே, அந்தக் கூத்தைக் கேள். சாதா குக்கரில் வைத்திருந்தால் நாலு விசிலோடு முடிந்திருக்கும். இது மணிக்கணக்காக வெந்து, கொஞ்சம் கொஞ்சமாக மூடியிடுக்கில் கசிந்து, மத்தியானத்துக்குள் வராந்தா வரை போய்விட்டது. அவன் பயந்துபோய் ஊதுவத்தி கொளுத்தினான். போதாமல் ரூம் ஸ்ப்ரே அடித்தான். மல்லிகைப்பூவும் பாதி வெந்த பன்றிக்கறியும் கலந்த அந்த நாற்றத்தை என்னவென்று சொல்வேன் நைனா? உன் படத்துக்குப் போட்ட மாலையிலும் அதே நாற்றம்.

சாயந்திரம் இலை போட்டு, அந்தக் குழம்பை உன் முன்னால் வைக்கும்போது வாசல் மணி அடித்தது. எதிர் ஃப்ளாட் அம்மா. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள்.

"என்ன தம்பி, ஏதோ புதுசா மணக்கே?"

"மெக்சிகன் குழம்பு மேடம். சிக்கன்" என்றான்.

உன் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டு சொன்னான்.

"அப்படியா! எம் மவன் இதையெல்லாம் ஓட்டல்ல கேட்டு அடம்பிடிப்பான். கொஞ்சம் தாங்களேன், ருசி பாக்கட்டும்."

இவன் முழிப்பான், ஏதாவது சாக்குச் சொல்வான் என்று நினைத்தேன். கிண்ணத்தை எடுத்து அள்ளினான் நைனா! பொய் பிடிபடக் கூடாது என்பதற்காக, தெரியாத பிள்ளையின் வாயில் அதைப் போடப் பார்த்தான். நான் கிண்ணத்தைப் பிடுங்கினேன்.

"அம்மா, இது பன்னிக்கறி. எங்க நைனாவுக்கு ரொம்பப் புடிக்கும். இன்னிக்கி அவருக்குப் படையல். நீங்க துன்னுவீங்களோ இன்னாவோ, அதான் சொல்றேன்."

அந்த அம்மா ஒரு நிமிஷம் உன் படத்தைப் பார்த்தார்கள். "எங்க வீட்ல சாப்பிடுறதில்ல. சொன்னீங்களே, அதுவே போதும். அப்பாவை நல்லபடியா கும்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மூக்கைப் பொத்தவில்லை, முகம் சுளிக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம். இதற்காகவா இவன் ஒரு நாள் முழுக்க நடுங்கினான்?

கதவைச் சாத்திவிட்டுக் கத்தினான். கோபம் வந்தால்தான் அவனுக்கு நம் பேச்சு வரும். "இன்னாக்கா பண்ணி வச்சிருக்கே? நீ பாட்டுக்குப் பூடுவே, நான்தானே இங்க கீறேன்!"

படையல் சோற்றில் ஒரு வாய்கூட எடுக்கவில்லை. உன் இலையிலிருந்ததையும் சட்டியிலிருந்ததையும் சேர்த்துக் கறுப்புக் கவரில் கட்டி, லிஃப்டில் போகாமல் படி வழியாக இறங்கிப் போய்க் குப்பையில் போட்டுவிட்டு வந்தான். இலையில் வைத்ததை நாம் என்றைக்காவது குப்பையில் போட்டிருக்கிறோமா? உனக்கு வைத்ததைத் தின்பதற்குக் கூசினவன், உனக்கு எதற்கு நைனா மகன்?

நான் ஸ்டூல் போட்டு ஏறி உன் படத்தைக் கழற்றினேன். தடுப்பான் என்று நினைத்துத்தான் கழற்றினேன். சண்டை போட்டிருந்தால் திரும்ப மாட்டியிருப்பேன், சத்தியமாக. அவன் வந்து ஸ்டூல் ஆடாமல் பிடித்துக்கொண்டான். பழைய துண்டு ஒன்று எடுத்து வந்து, கண்ணாடி உடையாமல் அவனே சுற்றிக் கொடுத்தான். அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. குழம்பைக்கூட மறந்துவிடுவேன், அந்த முகத்தை எப்படி மறப்பது?

இப்போது நீ என் வீட்டில் இருக்கிறாய். உன் மாப்பிள்ளைதான் ஆணி அடித்தார். அடுத்த வருஷம் உனக்கு நான்தான் படைப்பேன். தோலோடு வாங்கி, கதவைத் திறந்து வைத்து வறுத்து, கேட்கிறவர்களிடம் பேரைச் சொல்லிப் படைப்பேன். பொண்ணு ஊட்டுப் படையலை வாங்க மாட்டேன் என்று மட்டும் சொல்லிவிடாதே நைனா. அந்த ஊட்டில் உனக்கு இனிமேல் இலை விழாது.

உனக்குப் பிள்ளையாகவும் இருக்கப்போகிற
உன் மூத்த மகள்,
கோமதி