ஸ்டான்லி பெயரில் இருக்கும் நம்பர்

புதுப்பட்டினம்,
6 செப்டம்பர் 2007.

என் அன்பு மகள் ஜாய்ஸுக்கு,

முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். நான் டப்ளினுக்கு வர மறுக்கிறேன் என்றும் டிக்கெட்டைக் கேன்சல் செய்யச் சொன்னேன் என்றும் கூடுவாஞ்சேரியிலிருந்து உன் அத்தை சந்திரம்மா உனக்கு ஃபோன் செய்து சொன்னது தவறு. "அண்ணிக்கு ரோஷம் ஜாஸ்தி, மாப்ள வூட்ல போய் அவங்க கஞ்சி காச்சுவாங்களா, டீச்சராச்சே" என்று நம் பக்கத்து வீட்டுக் கன்னியம்மாவிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறாள். ரோஷம் எனக்கு உண்டு, அதை மறுக்க மாட்டேன். ஆனால் மாப்பிள்ளை ஜெபகுமார் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, விமானத்துக்கும் நான் பயப்படவில்லை. டிக்கெட்டைக் கேன்சல் செய்யச் சொல்லவில்லை, மூன்று வாரம் பொறுத்து உறுதி சொல்கிறேன் என்றுதான் டிராவல்ஸ்காரரிடம் சொன்னேன். இதைச் சொல்லிவிட்டுத்தான் நலம் விசாரிக்க எனக்கு மனம் வருகிறது. ஆண்டவர் தயவில் நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன், சர்க்கரை ஏறவில்லை, முழங்கால் வலி மட்டும் மழை வந்தால் வருகிறது. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறீர்கள் என்று உன் கையால் எழுதிப் படித்தால்தான் எனக்கு நிம்மதி.

மூன்று வாரம் எதற்கு என்று கேட்பாய். இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து உன் பதில் எனக்குக் கிடைக்க அவ்வளவு நாள் ஆகும். உட்கார்ந்து படி, மாப்பிள்ளை வீட்டில் இருக்கும்போது படி. ஸ்டான்லி உயிரோடு இருக்கிறான், அதை முதலில் எழுதிவிடுகிறேன். ஆனால் உன் தம்பி ஷார்ஜாவில் நல்ல கம்பெனியில் வெல்டராக இருக்கிறான், ஓவர்டைம் கிடைக்கிறது என்று ஒரு வருஷமாக உனக்கு நான் சொல்லிவந்தது உண்மையில்லை. ஐந்து மாதம் சம்பளம் தராமல் இழுத்தார்களாம், போன வருஷம் ஜூலையில் கம்பெனியை விட்டு வெளியே வந்துவிட்டான். பாஸ்போர்ட் கம்பெனிக்காரனிடமே இருக்கிறது. விசா இல்லாமல் ஒரு அறையில் எட்டுப் பேரோடு படுத்து, கூப்பிட்ட இடத்துக்கு நாள்கூலிக்குப் போகிறான். போலீஸ் பிடித்தால் என்ன ஆகும் என்று நான் யோசிப்பதில்லை. அவனுக்கென்று ஃபோன் கிடையாது, மாதத்துக்கு ஒருமுறை, சில சமயம் நாற்பது நாளைக்கு ஒருமுறை, யாருடைய ஃபோனிலிருந்தோ இரண்டு நிமிடம் பேசுவான். திருப்பிக் கூப்பிட்டால் யாரோ எடுத்து இந்தியில் ஏதோ சொல்லி வைத்துவிடுகிறார்கள். "அக்காகிட்ட சொல்லிடாதம்மா, மாமா முன்னாடி நான் தல நிமிர முடியாது" என்று சத்தியம் வாங்கினான். பிறகு உனக்கு அந்த முதல் பிள்ளை தங்காமல் போனது. அந்த நேரத்தில் நான் எப்படிச் சொல்வேன். சொல்லாதது தப்பு என்று நீ கோபித்தால் அந்தக் கோபத்தை ஏற்றுக்கொள்கிறேன்.

ஜூலை கடைசியில் பேசியபோது அவன் குரலில் கொஞ்சம் உயிர் இருந்தது. அங்கே அரசாங்கம் பொது மன்னிப்பு அறிவித்திருக்கிறதாம், விசா இல்லாதவர்கள் தண்டனை இல்லாமல் ஊருக்குத் திரும்பலாம், நம் தூதரகத்தில் ஒரு காகிதம் கொடுப்பார்கள், அதற்குப் பழைய பாஸ்போர்ட்டின் நகல் வேண்டும் என்றான். உன் அப்பா எதையும் தூக்கிப் போடாதவர், அவருடைய ஃபைலிலேயே நகல் இருந்தது. இருக்கிறது என்று சொன்னதும் அவன் அழுதுவிட்டான். அடுத்த முறை ஃபேக்ஸ் நம்பர் விசாரித்துச் சொல்கிறேன், நீ அனுப்பிவிடு என்றான். "இந்த நம்பர மட்டும் மாத்திடாதம்மா, எனக்கு மனசுல நிக்கறது இது ஒண்ணுதான்" என்று சொல்லும்போதே லைன் அறுந்துவிட்டது. மன்னிப்பு நவம்பர் முதல் வாரம் வரைதான் என்று பேப்பரில் போட்டிருக்கிறது. உனக்கு டாக்டர் குறித்த தேதியும் நவம்பர் முதல் வாரம்.

இப்போது நான் செய்த தப்பை எழுதுகிறேன். ஆகஸ்ட் பதினான்காம் தேதி விசாவுக்காக என் பென்ஷன் தாள்கள் வாங்கச் செங்கல்பட்டு போக வேண்டியிருந்தது. திருக்கழுக்குன்றம் தாண்டினால் டவர் விட்டு விட்டு வருகிறது, பஸ் இரைச்சலில் மணியும் கேட்காது. ஆகவே நன்றாக யோசித்து, செல்போனைக் கன்னியம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனேன். ஸ்டான்லி கூப்பிட்டால் என்ன சொல்ல வேண்டும், ஃபேக்ஸ் நம்பரைக் கேட்டு எங்கே குறிக்க வேண்டும், எத்தனை மணிக்கு நான் வருவேன், எல்லாவற்றையும் ஒரு முழுத்தாளில் எண் போட்டுத் தெளிவாக எழுதி, பென்சிலையும் அதில் செருகிக் கொடுத்தேன். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு சரிங்க டீச்சரம்மா என்றாள். சாயங்காலம் வந்து கேட்டேன். "பெரீய நம்பரா ஒண்ணு வந்துச்சு டீச்சரம்மா. யாரு நைனா, இன்னா வோணும்னேன். அம்மா இல்லியான்னாரு. அவங்க இல்ல, வெளிநாட்டுக்குப் போறாங்கோ, பொண்ணு வூட்டுக்கு, ஆறு மாசம் ஆவும் வரதுக்குன்னேன். ஒண்ணும் பேசாம வெச்சிட்டாரு" என்றாள். நான் எழுதிக் கொடுத்த தாள் என்ன ஆயிற்று என்று சத்தம் போட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "நீங்க அவ்ளோ அழகா எழுதிக் குடுக்கறீங்கோ, எனுக்குப் படிக்கத் தெரியாதுன்னு உங்களாண்ட எப்டிச் சொல்றது, இன்னா நெனச்சிப்பீங்களோன்னு வாங்கிக்கினேன்" என்றாள். இருபத்திரண்டு வருஷம் சுவரொட்டிக் குடியிருக்கிறாள் ஜாய்ஸ், எத்தனையோ சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன், அவளுக்குப் படிக்க வருமா என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை.

நான் உன்னிடம் வரப்போகிற விஷயம் ஸ்டான்லிக்குத் தெரியாது. அடுத்த முறை பக்குவமாகச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். அம்மாவும் போய்விட்டாள், இனி அந்த நம்பரில் யாரும் இல்லை என்று நினைத்துவிட்டானோ என்னவோ. இன்றோடு இருபத்து மூன்று நாள், அவன் கூப்பிடவில்லை. குளிக்கும்போது செல்போனை பிளாஸ்டிக் பையில் போட்டு ஆணியில் மாட்டிக்கொள்கிறேன். மேற்கு ஜன்னலோரம்தான் சிக்னல் நிலையாக இருக்கிறது என்பதால் சாப்பாடும் அங்கேதான். கரண்ட் போனால் சார்ஜ் எத்தனை கோடு இருக்கிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன். பூசையில் நற்கருணை வாங்கப் போகும்போதுகூடக் கையில் இறுக்கிப் பிடித்திருக்கிறேன். பாஸ்போர்ட் நகலை மூன்று பிரதி எடுத்து ஒன்றைக் கைப்பையிலேயே வைத்திருக்கிறேன்.

நீ ஃபோனில் சொன்னபடி சிம்மை இங்கே அலமாரியில் வைத்துவிட்டு அங்கே வந்து புதிதாக ஒன்று வாங்கிக்கொள்வது எனக்கு ஆகாது என்று இப்போது புரிந்திருக்கும். ஃபோன் கம்பெனியின் செங்கல்பட்டு அலுவலகத்துக்கு நானே போய் விசாரித்தேன். கவுண்டரில் லதா என்று ஒரு பெண், பொறுமையான பெண். "ப்ரீபெய்டுன்னா அங்க டவரே எடுக்காது ஆண்ட்டி. லைஃப்டைம் கார்டுன்றாங்களே, அதுவும் ஆறு மாசத்துக்கு ஒருக்கா காசு போட்டாத்தான். இல்லன்னா நம்பர் செத்துடும், வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்கோ" என்றாள். என் பிள்ளை மனப்பாடம் செய்து வைத்திருக்கிற நம்பரை வேறு யாரோ எடுத்து ஹலோ என்பதை நினைத்ததும் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். போஸ்ட்பெய்டுக்கு மாற்றி, டெபாசிட் கட்டி, வெளிநாட்டு ரோமிங் திறந்துகொண்டால் இதே நம்பர் டப்ளினிலும் மணி அடிக்கும், ஆனால் வருகிற அழைப்பை எடுத்தாலே நிமிடத்துக்கு எண்பது ரூபாய்க்கு மேல் பிடிக்கும் என்றாள். பிடிக்கட்டும், என் பென்ஷன் இருக்கிறது என்றேன். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "ஆண்ட்டி, சிம்மு ஸ்டான்லின்றவர் பேர்ல கீது, அவரு வந்து கையெழுத்துப் போட்டாத்தான் ஆவும்" என்றாள். சுனாமிக்கு அடுத்த மாதம் லேண்ட்லைன் ஊமையாகிக் கிடந்தபோது அவன்தான் தன் ரேஷன் கார்டு நகலும் போட்டோவும் கொடுத்து எனக்கு வாங்கி வந்தான், நான் ஒருநாளும் யோசிக்கவில்லை. புதிதாக என் பெயரில் எடுத்தால் நம்பர் மாறிவிடும். நான் எழுந்து போகாததைப் பார்த்து அந்தப் பெண், ஃபாரத்தை வீட்டுக்கு எடுத்துப்போய் அவர் கையெழுத்தை வாங்கி வாருங்கள் ஆண்ட்டி என்று நீட்டினாள்.

முப்பத்தோரு வருஷம் பிள்ளைகள் ரேங்க் கார்டில் தாங்களே அப்பன் கையெழுத்தைப் போட்டு வந்தால் ஒரே பார்வையில் கண்டுபிடித்து வெளியே நிற்க வைத்தவள் நான். கான்வென்டில் பொய்யைப் பற்றி சிஸ்டர்கள் எங்களுக்குச் சொன்னதெல்லாம் இன்னும் காதில் இருக்கிறது. வீட்டுக்கு வந்து, அவன் பத்தாம் வகுப்பு நோட்டு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, பழைய காலண்டர் தாளில் நாலு தரம் எழுதிப் பார்த்தேன். நோட்டைப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. அவன் கையைப் பிடித்து எழுத்துப் பழக்கியவள் நான்தானே, என் எழுத்தின் சாய்வுதான் அவன் எழுத்திலும். ஐந்தாவது தரம் ஃபாரத்தில் போட்டேன். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன், சாமியார் செபமாலை சொல்லச் சொன்னார், சொல்கிறேன். ஆனால் மறுபடி அந்த ஃபாரத்தைக் கொண்டுவந்து வைத்தால் மறுபடியும் போடுவேன், அதனால் அந்த மன்னிப்பு செல்லுமா என்று எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை சரிபார்க்க ஒரு ஆள் பைக்கில் வந்தான். "மேடம், ஸ்டான்லி சார் கீறாரா?" என்றான். வேலைக்குப் போயிருக்கிறான் என்றேன், அது பொய்யில்லை. "எப்ப வருவாரு?" என்றான். நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். போட்டோவைப் பார்த்து, என்னைப் பார்த்து, "அப்டியே உங்க ஜாடை மேடம்" என்று சொல்லிக் குறித்துக்கொண்டு போனான். செவ்வாய்க்கிழமை இணைப்பை மாற்றும்போது ஆறு மணி நேரம் செல்போன் செத்துக் கிடந்தது. அந்த ஆறு மணி நேரத்தில் அவன் கூப்பிட்டிருப்பானோ என்று இப்போது வரை கேட்டுக்கொண்டே இருக்கிறேன். யாராவது கையெழுத்தைக் கண்டுபிடித்து நம்பரைத் துண்டித்துவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் கூடவே இருக்கிறது.

அங்கே வந்தால் நான் இரண்டு செல்போன் வைத்துக்கொள்வேன். உங்களோடு பேசவும் கடை கண்ணிக்குப் போகவும் அந்த ஊர் சிம் போட்ட மலிவான ஒன்று, மாப்பிள்ளை வாங்கித் தரட்டும். இன்னொன்று இந்த நம்பர். இதில் நீ, மாப்பிள்ளை, சந்திரம்மா யாரும் கூப்பிடக் கூடாது, அவன் கூப்பிடும் நேரத்தில் லைன் வேறு யாரோடும் இருக்கக் கூடாது. உன் வீட்டுக்குப் பக்கத்தில் ஃபேக்ஸ் அனுப்பும் கடை எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று விசாரித்து வை. நான் விமானத்தில் இருக்கும் அந்தப் பதினாறு பதினேழு மணி நேரத்துக்கு எந்தத் திட்டமும் இல்லை என்று லதாவே சொல்லிவிட்டாள். அதற்கு மட்டும் செபம்தான்.

இரும்புச்சத்து மாத்திரையை விடாதே, பேஷண்டைத் தூக்கும் வேலையை இந்த மாதத்தோடு நிறுத்திவிடு, நர்ஸ் என்பதால் உன் உடம்பு இரும்பாகிவிடாது. பிரசவ லேகியத்துக்குச் சாமான் வாங்கி வைத்திருக்கிறேன். உன்னையும் உன் பிள்ளையையும் மாப்பிள்ளையையும் மாதா தன் சேலைக்குள் வைத்துக் காக்கட்டும், உன் அப்பாவின் ஆசீரும் கூட இருக்கும்.

கடைசியாக ஒன்று. உங்கள் ஆஸ்பத்திரியில் பிரசவ அறைக்குள் செல்போனை அணைத்துவிட வேண்டும் என்றும், போன தடவை தனியாகக் கிடந்தது போல இந்தத் தடவை கிடக்க மாட்டேன், ஆரம்பத்திலிருந்து முடிவு வரை நீ என் கையை விடக் கூடாது என்றும் என்னிடம் சொன்னாய். சரி என்று உடனே சொல்லிவிட்டேன். அப்போது உனக்கு இதெல்லாம் தெரியாது. நான் செல்போனை அணைக்க மாட்டேன் ஜாய்ஸ். அறைக்கு வெளியே மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு வருவேன், அது அடித்தால் அவர் கதவைத் தட்ட வேண்டும், நீ எந்த வேதனையில் இருந்தாலும் நான் உன் கையை விட்டுவிட்டு வெளியே போய் எடுப்பேன். எத்தனை நிமிடம் ஆகும் என்று என்னால் சொல்ல முடியாது. இதற்குச் சம்மதம் என்றால் அக்டோபர் பதினொன்றாம் தேதி புறப்பட்டு வருகிறேன். முடியாது என்றால் அதுவும் நியாயம்தான், ஜெபகுமாரின் அம்மாவை வரவழைத்துக்கொள், நான் வருத்தப்பட மாட்டேன். இதை ஃபோனில் சொல்லாதே, என் குரலைக் கேட்டால் நீ சரி என்றுதான் சொல்வாய். ஆம், இல்லை இரண்டில் எது என்று நாலு நாள் யோசித்து உன் கையால் எழுதிப் போடு.

உன் அம்மா,
ரெஜினா ஏசுபாதம்.