விமர்சனம் சொன்ன குரல்

சங்குத்திட்டு
5.11.2025

அன்புத் தோழி நிலோஃபருக்கு,

தேசராணி எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரர் ரிஸ்வான் அண்ணனும் நலமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்கிறேன். பள்ளிக்கூடத்தில் லீவ் லெட்டர் எழுதியதோடு சரி, அதற்கப்புறம் இப்போதுதான் பேனா பிடிக்கிறேன். என் போன் ஊர்த்தலைவர் வீட்டு பீரோவில் இருக்கிறது. என் வீட்டுக்காரர் பரத்தின் போனில் உன்னைக் கூப்பிட்டால் அவருக்கு விஷயம் தெரிந்துவிடும். அதனால் மீஞ்சூர் மார்க்கெட்டுக்கு மீன் கொண்டுவரும் செல்வம்மாக்கா கூடையில் இதை வைத்து அனுப்புகிறேன். நாற்றம் அடித்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு படி.

அந்தக் கடற்கரைப் படத்தைப் பார்த்துவிட்டு உனக்குப் பேசி அனுப்பினேனே, அதை நீ நம் 'ரெண்டு ரிமோட்டு' இன்டர்நெட் பக்கத்தில் போட்டாய். வழக்கம்போல நம் ரெண்டு பேர் பேரும் இல்லை, என் குரல் மட்டும்தான். படத்தைப் பற்றிச் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. கதாநாயகன் நாள் பூரா வலை இழுக்கிறான், சட்டை மடிப்பு கலையவில்லை என்றேன். கதாநாயகி மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடுகிறாள், முகத்தில் ஒரு சொட்டு மீன் தண்ணி வழியவில்லை என்றேன். அதோடு வாயை மூடியிருக்கணும். படத்தில் ஊர்த்தலைவர் வந்ததும் எனக்கு நாக்கு அரித்துவிட்டது. "எங்க ஊரு தலைவரு சீட்டு எடுக்கறப்போ கண்ண நல்லா மூடிக்குவாரு, விரலு மட்டும் முழிச்சிகினு இருக்கும். நல்ல எடம் எல்லாம் அவரு மச்சான் வூட்டுக்கே போவும்" என்று சொல்லித் தொலைத்தேன்.

உனக்குத்தான் சொன்னேன் நிலோ. ஊருக்குச் சொல்லவில்லை.

பாடு என்றால் என்னவென்று உனக்குத் தெரியும், உன் அத்தா எங்கள் துறையில் இறால் வாங்கி விற்பவர்தானே. ஏரியில் இறால் ஓடும் இடத்தில் யார் எந்த நாளில் வலை கட்டுவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைக்கிறார்கள். எங்கள் சோறே அதில்தான் இருக்கிறது. அந்தச் சீட்டையே நான் கிண்டல் பண்ணிவிட்டேன். டீக்கடையில் பையன்கள் போட்டுக் கேட்டுச் சிரித்திருக்கிறார்கள், அது தலைவர் தெய்வசிகாமணி காது வரைக்கும் போய்விட்டது. என் குரல் யாருக்குத் தெரியாது? தண்ணிக் குழாயில் சண்டை போடுகிற குரல். போனைக் கொடு என்றார்கள். கொடுக்கும் முன் எல்லாவற்றையும் அழித்துவிட்டேன், உன் நம்பரைக்கூட.

நான்தான் என்று உறுதியானால் இந்த சீசன் முழுக்க எங்களுக்குப் பாடு கிடையாது. ஊரில் ஒருத்தரும் எங்களோடு பேசக்கூடாது. இன்னும் நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

எட்டரை மணி சீரியலில் மாமியார் மூணு நாளாக விஷப் பாலோடு கதவுக்கு வெளியே நிற்கிறாள். பால் ஆறி ஏடு கட்டியிருக்கும். எப்போதும் சிரிப்பேன். இப்போது அந்த மியூசிக் போட்டாலே எங்கள் வீட்டுக் கதவைத் திரும்பிப் பார்க்கிறேன்.

என்ன செய்யட்டும், எழுது.

உன்,
தேசராணி


மீஞ்சூர்
7.11.2025

என் ராணிக்கு,

நிலோஃபர் எழுதுவது. உன் கடிதத்தைச் சமையல் கட்டில் நின்றுகொண்டே படித்தேன், அடுப்பில் பருப்பு அடிபிடித்துவிட்டது. நான் போட்டிருக்கக் கூடாது. நீ சொன்ன விதம் அத்தனை சிரிப்பாக இருந்ததால் முழுசாக வெட்டாமல் போட்டுவிட்டேன். இப்போது அழித்துவிட்டேன். ஆனால் அதற்குள் யார் யாரோ எடுத்துப் பரப்பிவிட்டார்கள், அதைத் தடுக்க எனக்கு வழி தெரியவில்லை.

ஒரு யோசனை சொல்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை டிவியில் ஒரு நிகழ்ச்சி பார்த்தேன். தொகுப்பாளர் பேசுவதெல்லாம் வெறும் வழவழா, ஆனால் ஒரு விஷயம் காட்டினார்கள். கம்ப்யூட்டரில் யார் குரலை வேண்டுமானாலும் செய்துவிடலாமாம், பெற்ற தாயாலேயே கண்டுபிடிக்க முடியாதாம். நீயும் அப்படியே சொல்லிவிடு. யாரோ என் குரலைச் செய்துவிட்டார்கள், எனக்குத் தெரியாது என்று அடித்துச் சொல். யாராலும் மறுக்க முடியாது.

என் பேர் மட்டும் வெளியே வரவேண்டாம் ராணி. எனக்காகக் கேட்கவில்லை. அத்தா உங்கள் துறையை நம்பித்தான் இருக்கிறார். அமீர் ஜான் மகள்தான் தலைவரைக் கிண்டல் பண்ணிப் போட்டாள் என்று தெரிந்தால் நாளைக்கே அவர் பெட்டியில் ஒரு இறால் விழாது. நான் இப்படி ஒரு பக்கம் நடத்துவதே அவருக்குத் தெரியாது.

மனசை மாற்ற ஒரு கிரைம் நாவல் வாங்கினேன். கொலைகாரன் யாரென்று இரண்டாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது, அட்டையிலேயே அவன் முழி சரியில்லை. வெளிநாட்டு டப்பிங் தொடரும் பார்க்கிறேன். அந்த ஊர்ப் பெண்ணைத் தமிழில் "ஐயோ மாமா" என்று அலற விடுகிறார்கள். உனக்குப் பேசி அனுப்பப் போனை எடுத்துவிட்டு, திரும்ப வைத்துவிட்டேன்.

பயப்படாதே என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

பாசத்தோடு,
நிலோஃபர்


சங்குத்திட்டு
12.11.2025

அன்புள்ள நிலோவுக்கு,

நீ சொன்னபடியே சொன்னேன். அதுதான் இப்போது கழுத்தைப் பிடிக்கிறது.

பரத்திடம்தான் முதலில் சொன்னேன். "அது என் கொரல் இல்ல, கம்ப்யூட்டர்ல பண்ணது"ன்னு. அவர் என் முகத்தையே பார்த்தார். அப்புறம் பெரிசாக மூச்சு விட்டு, "நானும் அதான் நெனச்சேன். நீ வாய் நீட்டுவ, ஆனா ஊரை விட்டுக் கொடுக்க மாட்ட" என்றார். அன்றைக்கு இரண்டு தோசை கூடச் சாப்பிட்டார். அத்தனை நாள் அவர் சரியாகச் சாப்பிடாததே எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நேராகத் தலைவரிடம் போய் என் பொண்டாட்டி குரல் இல்லை என்று சொல்லிவிட்டார். தலைவர் கோபப்படவில்லை. "ரொம்ப நல்லதா போச்சு. வர்ற இருபத்தொண்ணாந் தேதி வெள்ளிக்கிழம அம்மன் முன்னாடி கற்பூரம் அணைச்சு சொல்லிடு, முடிஞ்சிது" என்றாராம்.

எங்கள் ஊரில் பெண்களுக்குக் கிராமக் கூட்டத்தில் பேச்சு இல்லை. பெண் செய்த தப்புக்கும் வீட்டுக்காரர்தான் நிற்கணும், சத்தியமும் அவர்தான் பண்ணணும். எனக்கு இது தெரியும், ஆனால் பொய் சொல்கிற நேரத்தில் ஞாபகம் வரவில்லை. மாட்டினால் நான்தானே மாட்டுவேன் என்று நினைத்துவிட்டேன்.

அவர் ஏரியில் குளித்துவிட்டு ஈரத் துணியோடு வந்து, கங்கையம்மன் முன்னால் எரியும் கற்பூரத்தைக் கையால் அணைத்து, பொய்யென்றால் தண்ணி என்னை எடுத்துக்கட்டும் என்று சொல்வார். மெய்யென்று நம்பிச் சொல்வார். மறுநாள் அதே தண்ணியில் இறங்குவார். முகத்துவாரத்தில் அலை எப்படி மடிகிறது என்று நீ பார்த்திருக்கிறாய். தெரியாமல் பண்ணிய பொய்ச் சத்தியத்தை அம்மன் மன்னிப்பாளா என்று யாரிடம் கேட்பேன்?

நேற்று டிவியில் ஒரு பேய்ப் படம் போட்டார்கள். வெள்ளைப் புடவை, தலைவிரி கோலம், கொலுசுச் சத்தம் என்று எல்லாம் பழைய சரக்கு. மற்ற நேரமாக இருந்தால் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பேன். பரத் பக்கத்தில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு அவர் கையைத்தான் பார்க்கத் தோன்றியது.

தூக்கமில்லாமல்,
தேசராணி


மீஞ்சூர்
15.11.2025

அன்பு ராணிக்கு,

உன் கடிதத்துக்கு முதலில் ஒரு பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன். சூடம் அணைப்பதற்கெல்லாம் இந்தக் காலத்தில் இப்படிப் பயப்படுவார்களா என்று எழுதியிருந்தேன். ரிஸ்வான் அதைப் படித்துவிட்டு, "நீ அல்லா மேல ஆணையா ஒரு பொய் சொல்லு பாப்போம்" என்றார். வாய் வரவில்லை. உன்னை இதில் தள்ளிவிட்டது நான்தான். ஒரு டிவி நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டுப் பெரிய வக்கீல் மாதிரி யோசனை சொன்னேன்.

பரத் அண்ணனிடம் உண்மையைச் சொல்லிவிடு. அவர் கோபக்காரர் இல்லை. நான் வந்து சொல்லட்டுமா என்றும் யோசித்தேன். வெள்ளிக்கிழமை படகு ஏறி வந்து, போட்டது நான்தான் என்று எல்லார் முன்னாலும் நிற்கலாம். நேற்று அத்தா வந்திருந்தார். இந்த வருஷம் இறால் நன்றாக விழுகிறது, உங்கள் ஊர்க்காரர்கள் நாணயமானவர்கள் என்று வாய் நிறையச் சொன்னார். என்னால் முடியுமா என்று தெரியவில்லை ராணி. தெரியாததைத் தெரியும் என்று உனக்கு எழுத மாட்டேன்.

டிவியைப் போடவே பிடிக்கவில்லை. போட்டாலும் என்ன ஓடுகிறது என்று மனசில் நிற்பதில்லை.

வெள்ளிக்கு முன்னால் ஒரு வரி எழுது.

உன்,
நிலோஃபர்


சங்குத்திட்டு
19.11.2025

நிலோ,

ஒரு வரி கேட்டாய், எழுதுகிறேன். நேற்றுச் சொல்லிவிடலாம் என்று அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வலையில் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார். "உன்னப் பத்தி எவன் என்ன சொன்னாலும் வெள்ளிக்கிழமயோட வாய அடைக்கறேன் பாரு" என்றார். அத்தனை சந்தோஷமாகச் சொல்லும்போது நான் எப்படி வாயைத் திறப்பது? டீ போட்டுக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

நீ வரவேண்டாம். உன் அத்தா பாவம்.

செல்வம்மாக்கா வாசலில் நிற்கிறாள், நிறுத்துகிறேன்.

தேசராணி


சங்குத்திட்டு
22.11.2025

நிலோஃபருக்கு,

நேற்று நடந்ததை நீ வேறு யார் வாயாலும் கேட்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

பொழுது சாய்கிற நேரத்தில் அம்மன் கோயில் முன்னால் கிராமம் கூடியது. ஆண்கள் மணலில் உட்கார்ந்தார்கள், நாங்கள் மதில் ஓரம் நின்றோம். பரத் ஏரியில் முழுகிவிட்டு வந்தார். குளிர்காற்று அடித்தது, உடம்பு வெடவெட என்று நடுங்கியது, ஆனாலும் தலையை நிமிர்த்தி நின்றார். கோயிலில் பூசை செய்யும் சிங்காரம் தாத்தா தட்டில் கற்பூரத்தை ஏற்றினார். இவர் கையை நீட்டினார்.

நான் யோசிக்கவில்லை நிலோ. யோசித்திருந்தால் நின்றிருப்பேன். "அவரு கைய எடுக்கச் சொல்லுங்க. அது என் கொரல்தான்" என்றேன்.

தலைவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பொம்பளைக்கு இங்க பேச்சு இல்ல. புருசனக் காப்பாத்த ஏதோ சொல்லுது" என்றார். கற்பூரம் எரிந்துகொண்டே இருந்தது. எனக்கு வேறு வழி தெரியவில்லை. உனக்குப் பேசி அனுப்புவேனே, அதே மாதிரி, அதே இழுவையில், சட்டை மடிப்பிலிருந்து ஆரம்பித்து முழுசையும் சொன்னேன். முழித்துக்கொண்டிருக்கும் விரல் வரைக்கும் சொன்னேன். பின்னால் யாரோ ஒரு பையன் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். பரத் கையைக் கீழே போட்டார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"போட்டது யாரு? உனக்கு அதெல்லாம் தெரியாது. வெளியாள் யாரு?" என்று தலைவர் கேட்டார். யாரும் இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. சிங்காரம் தாத்தாதான், "பேசத் தெரிஞ்சவளுக்கு சத்தியம் பண்ணவும் தெரியும், பண்ணட்டும்" என்றார். குடம் தண்ணியை என் தலையில் ஊற்றினார்கள். எது வந்தாலும் எனக்குத்தானே வரும் என்று துணிந்து முன்னால் போனேன். ஆனால் வார்த்தையைத் தாத்தா எடுத்துக் கொடுத்தார், நான் அதைத்தான் திருப்பிச் சொல்லணும். "எனக்கு வெளியில சிநேகிதம் யாரும் இல்ல. யாரோடயும் பேச்சு இல்ல. பொய்யின்னா தண்ணி என் புருசன எடுத்துக்கட்டும்."

இப்போது இதைப் படிக்கும்போது, உன் பேரைச் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். எனக்கும் தோன்றியது. ஒரு பக்கம் பரத், ஒரு பக்கம் நீயும் உன் அத்தாவும். வாய் தானாகச் சொல்லி முடித்துவிட்டது. உள்ளங்கையை வைத்து அணைத்தேன். கொப்புளம் போட்டிருக்கிறது, விரல் நுனியால் பேனாவைப் பிடித்து எழுதுகிறேன்.

இந்த சீசன் எங்களுக்குப் பாடு இல்லை. யாரும் பேச்சும் இல்லை. செல்வம்மாக்கா காலையில் கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பி நிற்கிறாள். நான் எதைப் போட்டாலும் அவளுக்குத் தெரியாது, அதனால் எங்களோடு பழகினால் ஊர் போடும் தண்டமும் அவளுக்கு இல்லை. பரத் இதுவரை ஒரே வார்த்தைதான் பேசினார். "என்னை நம்ப வெச்சியே." ஏரியில் வலை கட்ட முடியாததால் இனி முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போகணும். கூட யாரும் ஏறமாட்டார்கள். இன்றைக்கே தனியாகப் போகிறார்.

நேற்று அந்தச் சத்தியத்தைச் சொன்ன நேரத்தில் அது பொய். அதை மெய்யாக்க எனக்கு ஒரே வழிதான் தெரிகிறது. உன் கடிதங்களை அடுப்பில் போட்டுவிட்டேன். நீயும் இதைப் படித்துவிட்டுக் கொளுத்திவிடு. இனி எழுதாதே. தேடி வராதே. என் வீட்டில் நல்லது கெட்டது எது நடந்தாலும் வராதே. பழவேற்காட்டுக் கடைத்தெருவில் எதிரில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போ, நானும் அப்படித்தான் போவேன். ஏதாவது படம் பார்த்துவிட்டு உன்னிடம் சொல்ல வாய் துடிக்கும், எனக்குத் தெரியும். வாயைக் கடித்துக்கொள்வேன். அம்மன் இதை ஏற்றுக்கொள்வாளா, இல்லை நேற்றைய கணக்கை நேற்றோடு முடித்துவிட்டாளா, தெரியவில்லை. அவர் திரும்பி வரும் வரைக்கும் தெரியாது.

வெளியே படகு மோட்டார் சத்தம் கேட்கிறது. அவர் கிளம்பும் முன்னால் இதைக் கூடையில் போட்டுவிடணும்.

யாராவது கேட்டால், அமீர் ஜான் பாய் மகளா, தெரியாதே என்பேன்.

தேசராணி