ராத் கணக்கைத் திருப்பிய புரட்டாசி

17 செப்டம்பர் 2011, சனி
காலையிலிருந்து காற்று. கொடியில் போட்ட இவருடைய வேட்டி பக்கத்து வீட்டு வேலியில். போய்க் கேட்டு வாங்கி வந்தேன்.

நார்த்மீட்டில் வாங்குவதற்கு ஓர் அடுக்குமாடி யூனிட் பார்த்தோம். தரைத்தளம், இரண்டு அறை. சமையலறை சின்னதுதான், ஆனால் ஜன்னல் கிழக்கே. மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்கு யாரையும் காரில் கொண்டுபோய் விடச் சொல்லாமல் பஸ்ஸில் போய்விடலாம். சிட்னிக்கு வந்து ஐந்து வருடம், கெல்லிவில்லில் மகள் சுதா வீட்டிலேயே இருக்கிறோம். சுதாவும் தங்கம், மாப்பிள்ளையும் தங்கம். இருந்தாலும் அவர் போனில் மீட்டிங் பேசி முடிக்கும்வரை குக்கரை ஏற்றாமல் காத்து நிற்பது எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஐம்பத்தெட்டு வயதில் எனக்கென்று ஓர் அடுப்பு கேட்பது பேராசை இல்லை.

பாங்கில் போட்ட டெர்ம் டெபாசிட் இந்த மாதம் முடிகிறது. முன்பணத்துக்குச் சரியாக இருக்கும். இவர் சுவரையெல்லாம் தட்டிப் பார்த்தார், பராமரிப்புக் கட்டணம் விசாரித்தார். காரில் ஏறியதும் ரேடியோவைப் போட்டுவிட்டார்.

வாங்க: உளுந்து, புளி, இவருக்கு ஷேவிங் பிளேடு.

18 செப்., ஞாயிறு
சொல்லிவிட்டார். காபி குடித்து முடிக்கிறவரை காத்திருந்து சொன்னார். அந்த மட்டும் மரியாதை.

டெர்ம் டெபாசிட்டைத் தொட முடியாதாம். அது அமெரிக்க வரிக்காம்.

என்ன வரி? பத்து மாதமாக எனக்குத் தெரியாமல் ஒரு காரியம். டல்லஸில் பதினாறு வருடம் வேலை பார்த்துச் சேர்த்த ஓய்வூதியக் கணக்கு இருக்கிறதே, அதைப் போன டிசம்பரில் மொத்தமாக ராத் கணக்காக மாற்றியிருக்கிறார். பழைய கணக்கில் பணம் எடுக்கும்போது வரி. ராத்தில் இப்போதே வரியைக் கட்டிவிட்டால் பிறகு எடுக்கும்போது கிடையாது. வருமானம் அதிகம் உள்ளவர்கள் மாற்றக் கூடாது என்று இருந்த தடையைப் போன வருடம்தான் எடுத்தார்களாம். அந்த வருடம் மாற்றியவர்களுக்கு மட்டும், வரியை இரண்டு வருடக் கணக்கில் பாதி பாதியாகக் காட்டலாம் என்று சலுகை. முதல் பாதி வருகிற ஏப்ரலில்.

அதாவது என் சமையலறை ஏப்ரலில் வாஷிங்டன் போகிறது.

கடையில் அரைக் கிலோ வெண்டைக்காய் வாங்குவதற்கு என்னிடம் இரண்டு தரம் கேட்கிற மனிதர் இவர்.

19 செப்., திங்கள்
இவர் காபியை இவரே போட்டுக்கொண்டார்.
ரசம். அப்பளம். போதும்.

21 செப்., புதன்
மழை விட்டுவிட்டு.

நான்தான் பரமநாதனுக்குப் போன் செய்தேன். யாழ்ப்பாணத்துக்காரர், நார்த்மீட்டில் ஆபீஸ், அமெரிக்க வரியும் தெரிந்த கணக்காளர். எங்கள் வரிக் காகிதமெல்லாம் அவர்தான், போன வருட அமெரிக்கப் படிவத்தை மட்டும் இவரே அனுப்பியிருக்கிறார். இவர் அவரை ஏன் கேட்கவில்லை என்றால், போன டிசம்பரில் பரமநாதன் கொழும்பு போயிருந்தார். திரும்பி வருவதற்குள் மார்கழி பிறந்துவிடும். மார்கழியில் புதுக் காரியம் தொடங்கக் கூடாது. தை பிறந்தால் வருடம் மாறிவிடும், சலுகை போய்விடும். ஆகவே கார்த்திகை கடைசி வாரத்தில், பஞ்சாங்கம் பார்த்து, நல்ல நேரத்தில், கம்ப்யூட்டரில் பொத்தானை அமுக்கியிருக்கிறார். நாள் பார்த்தவர் ஆளைக் கேட்கவில்லை.

மத்தியானமே இருவரும் போனோம். பரமநாதன் நாற்காலியை இழுத்துப் போட்டு எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தார். பொறுமைசாலி. அவர் சொன்னதை மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன். ஒன்று, அமெரிக்காவில் ராத்துக்கு வரி இல்லை என்பதை ஆஸ்திரேலியா ஒப்புக்கொள்ளும் என்று நம்ப முடியாது. இங்கே இருந்துகொண்டு எடுத்தால், வளர்ந்த பகுதிக்கு இங்கே வரி கேட்கலாம். அப்படியென்றால் இவ்வளவு வரியை முன்கூட்டிக் கட்டுவதில் என்ன லாபம்? அடுத்தது, மாற்றிய நாளில் இருந்த மதிப்புக்குத்தான் வரி. ஆகஸ்டில் பங்குச் சந்தை விழுந்ததே, இப்போது கணக்கில் அவ்வளவு இல்லை. இல்லாத பணத்துக்கும் வரி.

இவர் முகம் சுண்டிவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

பரமநாதன் சொன்னார்: "அன்ரி, பயப்பிடாதேங்கோ. மாத்தினதைத் திருப்பி மாத்தலாம். ஒக்ரோபர் பதினைஞ்சு கடைசி நாள், அது சனிக்கிழமை எண்டபடியால் பதினேழு வரைக்கும் விடுவாங்கள். அங்கிள் கையெழுத்து வைச்சால் காணும்."

திருப்பிவிட்டால் அந்த மாற்றமே நடக்காத மாதிரியாம். வரியும் இல்லை. போன வருடக் கணக்கைத் திருத்தி அனுப்புவது அவர் பொறுப்பு.

அங்கிள் கையெழுத்து வைக்கவில்லை. மகாளய பட்சமாம். அமாவாசைவரை எதிலும் கையெழுத்துப் போடக் கூடாதாம். இது புதுக் காரியம் இல்லை, பழையதற்குத் திரும்புகிற காரியம் என்று காரில் வழி நெடுகச் சொன்னேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. செய்தது தப்பு என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை, அதற்குப் பாவம் பித்ருக்களை இழுக்கிறார்.

23 செப்., வெள்ளி
வெயில். சுதா வேலைக்கு. இவர் நடக்கப் போயிருந்தார்.

திருப்பி மாற்றும் ஃபாரத்தை வரவழைக்கக் கணக்கு எண் வேண்டும் என்று இவருடைய நீல ஃபைலைத் திறந்தேன். உள்ளே ஒரு தாள். இவர் கையெழுத்து, போன டிசம்பர் தேதி. தலைப்பு: "நான் போன பிறகு ரேவதி செய்ய வேண்டியவை."

ஏழு வேலை, வரிசையாக. அதில் ஐந்தைக் கோடு போட்டு அடித்திருக்கிறார். அமெரிக்க வரிப் படிவம், அடி. ஒவ்வொரு வருடமும் இவ்வளவு என்று எடுக்க வேண்டிய பணம், மறந்தால் அபராதம், அடி. பக்கத்தில் சின்ன எழுத்தில்: "ராத் ஆக்கியாச்சு. இந்தத் தொல்லை அவளுக்கு வேண்டாம்." மிச்சம் இரண்டே வேலை. மரணச் சான்றிதழ் வாங்குவது. சுதாவைக் கூப்பிடுவது.

போன நவம்பரில்தான் டாக்டர் இவருக்கு ப்ராஸ்டேட்டில் புற்றுநோய் இருக்கிறது என்று சொன்னார். ஆரம்பம், மெதுவாக வளர்கிற வகை, ஆறு மாதத்துக்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனை போதும், பயப்பட ஒன்றுமில்லை என்றார். நான் பயந்தேன். கோயிலுக்கு வேண்டிக்கொண்டேன். இவர் பயப்படவே இல்லை என்று நினைத்திருந்தேன்.

லாண்டரி அறையில் மெஷினைப் போட்டுவிட்டு அழுதேன். கோபமும்தான். இரண்டும் சேர்ந்து வந்தது.

24 செப்., சனி
தாளை இவர் முன்னால் வைத்தேன். பேப்பரை மடித்தார், கண்ணாடியைக் கழற்றினார். கொஞ்ச நேரம் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நான் போனப்புறம் நீ ஃபாரம் ஃபாரமா வச்சுக்கிட்டு அழக் கூடாதுன்னு பார்த்தேன், ரேவதி."

"ஃபாரம் இல்லாட்டி அழ மாட்டேனா?"

தோசை வார்த்தேன். நாலு சாப்பிட்டார். வழக்கமாக மூன்று.

27 செப்., செவ்வாய்
அமாவாசை. தர்ப்பணம் வீட்டுப் பின்பக்கம். எள் எறும்புக்கு. வாழைக்காய், பயத்தம்பருப்புப் பாயசம். மாப்பிள்ளை பாயசம் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டார், நல்ல பிள்ளை.

28 செப்., புதன்
ஃபாரம் வந்தது, நாலு பக்கம். இவர் பேனாவைத் திறந்தார். நான் வாங்கிக்கொண்டேன். நான் எழுதுகிறேன், கையெழுத்து மட்டும் உங்களுடையது என்றேன்.

ஒன்றரை மணி நேரம் ஆனது. முழுவதையும் திருப்புவதா, ஒரு பகுதியா என்று ஒரு கேள்வி. முழுவதும். தேதியில் மாதம் முன்னால், நாள் பின்னால், அமெரிக்க முறை. இங்கே வந்து மாறிப்போன பழக்கம், நினைவு வைத்து எழுதினேன். இவர் சரிபார்த்தார். ஒரு தப்பாவது தேடுகிறார் என்று தெரிந்தது. கிடைக்கவில்லை. ஏமாற்றமும் சந்தோஷமும் கலந்த ஒரு முகம்.

டல்லஸில் மளிகைக்கடையில் ஒன்பது வருடம் கல்லா பார்த்தவள் நான். எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். நானும்தான்.

பரமநாதன் ஆபீஸிலிருந்து ஃபேக்ஸ். தபாலிலும் ஒரு பிரதி.

6 அக்டோபர், வியாழன்
விஜயதசமி. கோயிலில் கூட்டம், கார் நிறுத்த இடமில்லை.

நார்த்மீட் யூனிட்டை வேறு யாரோ வாங்கிவிட்டார்களாம். ஏஜென்ட் போன் செய்து, அடுத்த தெருவில் இன்னொன்று வருகிறது என்றார். அதில் ஜன்னல் எந்தப் பக்கம் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.

ஃபேக்ஸ் போய்ச் சேர்ந்ததா என்று இன்னும் பதில் இல்லை. பதினோரு நாள் மிச்சம்.

11 அக்., செவ்வாய்
காலை ஏழுக்கு அமெரிக்காவில் கணக்கு வைத்திருக்கும் கம்பெனிக்குப் போன். அங்கே இன்னும் நேற்று. இருபது நிமிடம் பாட்டு. பிறகு ஒரு பெண். ஃபாரம் இருக்கிறது, ஆனால் வேலை முடியவில்லை என்றாள். பதினேழுக்குள் முடியுமா என்று இவர் கேட்டார். கணக்கு யார் பேரில் இருக்கிறதோ அவரைத் தவிர வேறு யாரிடமும் பேச மாட்டார்கள், அதனால் நான் பக்கத்தில் நின்று காகிதத்தில் எழுதிக் காட்டினேன்: "அவள் பெயர் கேளுங்கள். முடிந்ததும் இமெயில் கேளுங்கள்." கேட்டார்.



14 அக்., வெள்ளி
வெயில். காற்றில்லை. இமெயில் வந்துவிட்டது. திருப்பியாயிற்று, பழைய கணக்கே. ஏப்ரலில் அந்த வரி இல்லை. டெர்ம் டெபாசிட் எங்களுடையது. சுதாவிடம் சொன்னேன், அப்பாவைக் கட்டிக்கொண்டாள். யூனிட் விஷயம் சொன்னதும் கொஞ்சம் முகம் வாடினாள். அதுவும் எனக்குப் பிடித்திருந்தது.

சாயங்காலம் இவர் இமெயிலைக் கடைசிவரை படித்தார். பொடி எழுத்துக்குப் பூதக்கண்ணாடி. பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"எழுபதரை வயசானா வருஷா வருஷம் பணம் எடுத்தே ஆகணும்னு போட்டிருக்கு. ராத்தா இருந்தா இது கிடையாது. பழசுக்குத் திரும்பிட்டோம் இல்லையா, இப்ப உண்டு. யாரு எடுக்கிறது?"

"கணக்கு உங்க பேர்ல இருக்கு. நீங்கதான் எடுக்கணும்."

இவருக்கு இப்போது அறுபத்தொன்று. விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். ஒரு கை முடிந்து மறு கைக்குப் போனார்.

"இரண்டாயிரத்து இருபது, நவம்பர்," என்றார். "எங்கேயாவது குறிச்சு வை. நான் மறந்துடுவேன்."

நவம்பர் 2020: இவர் பணம் எடுக்க வேண்டும்.