டின்னுக்குள் போகும் சிவப்புப் பேனை

உங்கள் பால்மா டின்னைத் திறந்தால் இன்னும் கராம்பு மணக்கிறது. இன்று காலை பரீட்சைக் குழுக் கூட்டத்துக்குப் போகுமுன் அதை அலுமாரியின் அடித்தட்டிலிருந்து எடுத்தேன். உள்ளே உங்கள் சிவப்புப் பேனைகள் கிடந்தன. மை காய்ந்துவிட்டது. வகுப்புக்குப் போகும்போது வாயில் போட்டுக்கொள்ளும் கராம்பையும் அதற்குள்தான் வைத்திருப்பீர்கள். பேனைக்கும் கராம்புக்கும் ஒரே டின்னா என்று நான் குறைப்பட்டதுண்டு. "ரெண்டும் கடிக்கிற சாமான்தானே புள்ள" என்பீர்கள்.

இத்தனை வருடம் ஒரே அறையில் எதிரெதிர் மேசைகளில் இருந்தும் நாம் கடைசி வரை 'நீங்கள்' என்றே பேசிக்கொண்டோம். நீங்கள் காத்தான்குடி, நான் கல்லடி. முதல் வருட மாணவர்களுக்கு ஆய்வுக் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுக்கும் பாடத்தை இருவருமாகப் பங்கிட்டோம். என் பங்குக்கு வந்தவர்களை நான் எழுத்தால் திருத்தினேன். நீங்கள் காதால் திருத்தினீர்கள். அதை நான் அதிகம் நம்பவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு மாணவனை முன்னால் கதிரையில் இருத்தி, தன் கட்டுரையைத் தானே உரக்க வாசிக்கச் சொல்வதும், அதுவரை உங்கள் பேனையை டின்னுக்குள் போட்டு மூடி வைப்பதும் எனக்குச் சிறுபிள்ளை விளையாட்டாகவே தோன்றியது. "கட்டுரைய நான் வாசிக்க மாட்டன். நீங்க வாசிங்க, நான் கேக்குறன்" என்று அவர்களிடம் சொல்வீர்கள். நான் என் மேசையில் தலையைக் குனிந்துகொண்டு அடிக்கோடு போட்டபடி இருப்பேன்.

காகித ஆலையைப் பற்றி எழுதி வந்த அந்த வாழைச்சேனைப் பையனை மறந்திருக்க மாட்டீர்கள். நன்றாக வாசித்துக்கொண்டே வந்தான். "மேலே உள்ள படத்தில் காட்டியவாறு" என்ற இடத்தில் நீங்கள் கையை உயர்த்தினீர்கள்.

"எந்தப் படம் தம்பி? எனக்கும் காட்டுங்களன்."

அவன் தாளின் முன்பக்கத்தைப் பார்த்தான், பின்பக்கத்தைப் பார்த்தான். படம் எங்குமில்லை. வகுப்பே சிரித்தது, கொஞ்ச நேரத்தில் அவனும் சிரித்தான். மேல்வகுப்பு மாணவன் ஒருவனின் கட்டுரையை அப்படியே எழுதியிருந்தான். நானென்றால் அன்றே பூச்சியம் போட்டிருப்பேன். நீங்கள் கேட்டது வேறு. "உங்கட வீட்டுக்கும் ஆலைக்கும் எவ்வளவு தூரம்?" பக்கம்தான் என்றான். "அப்ப என்னத்துக்கு இன்னொருத்தன்ட படத்தப் பாக்கிறீங்க? போய் அங்க வேல செஞ்ச ஒருத்தரக் கேட்டுட்டு வாங்க." அவன் போனான். திரும்பி வந்து வாசித்தபோது அவன் குரலே மாறியிருந்தது. அடிக்கோடு போட்டுக்கொண்டிருந்த நான் கையை நிறுத்திக் கேட்டேன். அதை நீங்கள் பார்த்தீர்கள். பார்க்காதது போல அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டீர்கள். அந்த நாகரிகத்துக்காகவே உங்களை எனக்குப் பிடித்தது.

நீங்கள் இறந்துபோன பிறகு உங்கள் வகுப்புப் பிள்ளைகளும் என்னிடம் வந்தார்கள். உங்கள் முறையும் கூடவே வந்தது. "மிஸ், அவங்க எங்கள வாசிக்க வைப்பாங்க" என்று அவர்கள் சொன்னபோது, முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டின்னை எடுத்து மேசையில் வைத்தேன். அப்படி உட்கார்ந்து கேட்ட முதல் நாள், பேனையில்லாத கை எங்கே போவதென்று தெரியாமல் தவித்தது.

இப்போது பார்த்தெழுத மேல்வகுப்பு மாணவர்களின் கட்டுரைகளுக்குத் தேவையே இல்லாமல் போய்விட்டது. போனிடம் கேட்டால் அது எழுதித் தருகிறது. படத்தைக்கூட மறக்காது. அதனால் இவ்வருடம் புது விதி ஒன்று வந்தது. முதல் வரைவையும் கணினியில் ஏற்ற வேண்டும். அது சொந்த எழுத்தில்லை என்று கணினி சொன்னால் பாடம் முழுவதற்கும் பூச்சியம். விதியைப் படித்தபோது நான் எதிர்க்கவில்லை. களவு களவுதான் என்ற கட்சி நான். அதில் இன்னும் மாறவில்லை.

பிறகு மேனகா வந்தாள். படுவான்கரையில் வயல் செய்யும் குடும்பம். ஆறு என்று நாங்கள் சொல்லும் வாவியைத் தாண்டி, இரண்டு பஸ் மாறி வருகிறவள். மாரியில் மட்டக்களப்பு வாவி நிரம்பினால் அதன் நீரைக் கடலில் விட முகத்துவாரத்து மணலை வெட்டுகிறார்களே, அதை எப்போது வெட்டுவது நல்லது என்பதே அவள் எடுத்த கேள்வி. வரைவு வழுவழுப்பாக இருந்தது. ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. எனக்கு அப்போதே சந்தேகம். ஆனாலும் பேனையை டின்னில் போட்டுவிட்டு வாசிக்கச் சொன்னேன்.

இரண்டாம் பக்கத்தில் அவள் வாசித்தாள்: "ஆடி மாதப் பெருமழையில் வாவி நிரம்பும்போது..."

நின்றுவிட்டாள். தாளை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய் அந்த வரியைத் திரும்பப் பார்த்தாள்.

"என்ன மேனகா?"

"ஆடியில எங்க மிஸ் மழை? எங்கட கிணறே வத்திப்போய்க் கிடக்கும்." சிரித்தாள். அப்படியே அழவும் தொடங்கிவிட்டாள். "இத அப்பா கேட்டாரெண்டா, ஆடியில வெட்டுறதுக்கு ஆத்துல என்னகா இருக்கு எண்டு கேப்பார்."

வேறெந்தக் கரையின் மழையையோ போன் எங்கள் வாவியில் கொட்டியிருந்தது. கார்த்திகை, மார்கழியில் வெள்ளம் பார்த்தே வளர்ந்த பிள்ளை அதைக் கண்ணால் பார்த்தபோது பிடிக்கவில்லை. வாயால் சொன்னபோதுதான் பிடித்தாள். அன்றுதான் உங்கள் டின்னின் கணக்கு எனக்கு முழுதாக விளங்கியது. நான் கோடு போட்டிருந்தால் அது என் கண்டுபிடிப்பாக இருந்திருக்கும். இது அவளுடையது.

ஆனால் வரைவு ஏற்கெனவே கணினிக்குள் போயிருந்தது. அறிக்கை முழுக்கச் சிவப்பாக வந்தது. "பூச்சியம் வந்தா அடுத்த வருசம் விடமாட்டாங்க மிஸ்" என்றாள். "தங்கச்சியும் படிக்கிறாள். ரெண்டு பேருக்கும் பஸ் காசு கொடுக்கிறதே பெரும்பாடு. நீ வீட்டில இரு எண்டுதான் சொல்லுவாங்க."

நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்களோ, அதையே நானும் சொன்னேன். போய்க் கேட்டுவிட்டு வா. அப்பாவிடம் மட்டுமில்லை, முகத்துவாரம் வெட்டினால் யாருக்கு நட்டமோ அவரிடமும்.

போனாள். தங்கள் வயல் வட்டையில் வெள்ளத்துக்குள் கிடந்த நெற்கதிர்களைப் பற்றித் தகப்பனிடம் கேட்டாள். பிறகு கல்லடிக்கு வந்து, வாவியில் வலை வீசும் ஒருவரைக் கண்டுபிடித்து, அவர் வலை உலர்த்தும் வரை காத்திருந்து கேட்டாள். புதிதாக எழுதினாள்.

இன்றைய கூட்டத்தில் துறைத்தலைவர் அவளுடைய அறிக்கையை முன்னால் தள்ளினார். நல்ல மனிதர், உங்களுக்குத் தெரியும். அவசரக்காரர்.

"மெடம், விதி நாங்க எல்லாரும் சேர்ந்து போட்டது. நீங்களும் கையெழுத்து வச்சீங்க."

"ஓம், வச்சன். முதல் வரைவு அவள் எழுதினதில்ல. அதில எனக்கு வழக்கில்ல. அதுக்கு ஒரு புள்ளியும் வேணாம். இரண்டாவத அவளே வாசிக்கட்டும். கேளுங்க. கேட்டுப்போட்டு மறுகா முடிவெடுங்க."

"இதுக்கெல்லாம் நேரம் எங்க மெடம்?"

"என்ட பாட நேரத்தில எடுங்க."

டின்னை மேசை நடுவில் வைத்து மூடியைத் திறந்தேன். அறையில் கராம்பு மணந்தது. ஒருவர் "இது அவங்கட டின்னல்லவா?" என்றார் மெதுவாக. பேனைகளைப் போடச் சொன்னேன். நான் இப்படியெல்லாம் செய்கிறவள் இல்லை என்பதாலோ என்னவோ, எல்லாரும் போட்டார்கள். துறைத்தலைவர் கடைசியாகப் போட்டார். போடுமுன் தன் பேனையின் மூடியைச் சரிபார்த்துக்கொண்டார். நல்ல பேனை அது.

வெளியே வாங்கில் உட்கார்ந்து காத்திருந்த மேனகாவைக் கூப்பிட்டேன். முதலில் தாளைவிட்டுத் தலையெடுக்காமல் வாசித்தாள். தகப்பனின் வார்த்தை வந்த இடத்தில் நிமிர்ந்தாள்: "நெல் அழுகினா இறாலத் தின்னுறதா?" கல்லடிக்காரரின் பதில் அடுத்த வரியில் வந்தது: "வெட்டினா வெள்ளம் மட்டுமா போகுது? எங்கட இறாலும் கடலுக்குத்தான் போகுது." வெட்டப் பிந்தினால் வயலுக்கு என்ன, முந்தினால் வலைக்கு என்ன என்று இருவர் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதியிருந்தாள். முடிவில் ஒரு வரி: "ஆகவே என் அப்பா சொல்வது பாதி சரி."

ஒருவர் சிரித்துவிட்டார். துறைத்தலைவர் கேள்வி மேல் கேள்வி கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். ஒன்றுக்கு மட்டும் "அது எனக்குத் தெரியா சேர், நான் கேக்கல்ல" என்றாள். போன் அப்படிச் சொல்லி நான் பார்த்ததில்லை.

கடைசியில் அவர் கேட்டார்: "இத அப்பாவுக்குக் காட்டினீங்களா?"

"வாசிச்சுக் காட்டினன் சேர். ஒரு நாள் முழுக்க என்னோட பேசல்ல. மறுகா அடுத்த நாள் சாப்பிடக்குள்ள, அந்த இறால்காரன் சொன்னத இன்னொருக்கா வாசி எண்டார்."

அதன்பின் அறையில் யாரும் பூச்சியத்தைப் பற்றிப் பேசவில்லை. முதல் வரைவுக்குப் புள்ளி இல்லை. இரண்டாவதற்கு முழுதாகத் திருத்திப் புள்ளி போடச் சொல்லிக் குறிப்பில் எழுதினார்கள். மேனகா அடுத்த வருடம் வருவாள். விதி அப்படியேதான் இருக்கிறது. வாசிப்பை அதில் சேர்ப்பதா என்பதை அடுத்த முறை பேசலாம் என்றார்கள். பிள்ளைகள் தொகை கூடுதல், விரிவுரையாளர்கள் குறைவு, நேரம் இல்லை. இவை பொய்யில்லை என்பது எனக்கும் தெரியும். பேசட்டும். அவர்கள் பேசி முடியும் வரை நான் காத்திருக்கப் போவதில்லை. திங்கட்கிழமை என் வகுப்பில் அடுத்த பிள்ளை கதிரையில் இருப்பாள்.

நீங்கள் நினைப்பது போல நான் மாறிவிடவில்லை. இன்னும் எதையும் இரண்டு தரம் பார்த்தே நம்புகிறேன். கட்டுரை கையில் வந்ததும் விரல் இன்னும் பேனையைத் தேடுகிறது. இப்போது அந்த விரலுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். டின்னின் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பது.

வரும் வழியில் கடையில் நின்று கொஞ்சம் கராம்பு வாங்கினேன். உங்கள் காய்ந்த பேனைகளை எறியவில்லை. அவற்றுக்குப் பக்கத்தில் என்னுடையதைப் போட்டு மூடியிருக்கிறேன்.