காலியாக விட்ட கட்டம்

இன்று காலை ஓர் ஆய்வு மாணவி என் மேசையில் ஓர் அச்சுத்தாளை வைத்து, "சார், இந்த விலாசத்துக்கு எந்த பஸ்ல போகணும்?" என்று கேட்டாள். பெரிய காஞ்சிபுரத்தில் உன் அண்ணன் வீட்டுக் கதவு எண் அது. நீ கண்ணை மூடி நான்கு வருடம் ஆகிறது. நாம் அழித்த வரி ஒரு கல்லூரியின் இணையப் பக்கத்தில் இன்னும் இருக்கிறது.

"அங்க யாரையும் பாக்கறதில்லம்மா" என்று சொல்லி, படிக்க வேண்டிய நூல்களை எழுதிக் கொடுத்து அனுப்பினேன். அதன் பிறகு எனக்கு வேலை ஓடவில்லை.

நம் பல்கலைக்கழக நூலகத்துக்கு இணையதளம் வந்த புதிதில், ஆய்வு வழிகாட்டிப் பக்கங்கள் நம் இருவர் தலையில் விழுந்தன. ஆராய வருகிறவர் எந்த நூலில் தொடங்கலாம், எந்த இதழைப் புரட்டலாம், எந்தத் தளத்துக்குப் போகலாம் என்று சொல்லும் பக்கங்கள். அமைப்பு என் பொறுப்பு, பராமரிப்பு உன் பொறுப்பு. எல்லாப் பக்கத்திலும் ஒரே அளவு தலைப்பு, ஒரே நீலம், ஒரே ஆறு கட்டங்கள் என்று நான் அடம்பிடிப்பேன். நீ திங்கட்கிழமைதோறும் ஒவ்வோர் இணைப்பாக அழுத்திப் பார்த்து, திறக்காததை நோட்டில் சிவப்பு மையால் குறிப்பாய். தெரியாததைக் காலியாக விட்டுவிடுவாய். எனக்குக் காலிக் கட்டத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது. "ஒரு கட்டம் காலியா இருந்தா குடி முழுகிடாதுப்பா" என்று சிரிப்பாய்.

பட்டு நெசவுப் பக்கத்தில் 'நேரில் அணுக' என்ற ஆறாவது கட்டம் காலியாக இருந்தது. நீ விடுப்பில் இருந்த வாரம், அதில் உன் அண்ணன் பெயரையும் விலாசத்தையும் போட்டேன். எத்தனையோ முறை சாப்பிட்ட வீடு, கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. நீ திரும்பி வந்ததும், "எடுத்துடுப்பா, அண்ணனை ஒரு வார்த்தை கேக்கல" என்றாய். அப்போதுதான் நூலகர் அந்தப் பக்கத்தைக் கூட்டத்தில் காட்டிப் பாராட்டியிருந்தார். அப்புறம் எடுக்கலாம் என்றேன். அந்த அப்புறம் மூன்று மாதம் நீண்டது.

ஒரு நாள் உன் அண்ணன் நூலகத்துக்கே வந்துவிட்டார். கோபத்திலும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் வந்தார்.

"எங்க வூட்டு விலாசத்த யாருப்பா கம்ப்யூட்டர்ல போட்டது? வாரத்துக்கு நாலு பேர் வந்துக்கினே இருக்காங்க. வந்தவங்களுக்கு பதில் சொல்ல நான் எழுந்தா, தறியோட மறுபக்கம் கரை கோக்கற என் பொண்டாட்டியும் சும்மா உட்காந்துக்கினு இருக்கணும். முகூர்த்தப் பொடவை நாள் தப்பிப்போச்சு. மொதலாளி அடுத்த பொடவைக்குப் பாவு நூல் தரமாட்டேன்னுட்டாரு."

"நான்தாண்ணா போட்டேன்" என்றாய்.

நான் வாயைத் திறக்கவில்லை. அதை இப்போது எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது. ஏன் அப்படிச் சொன்னாய் என்று அன்று மாலை கேட்டேன். "கூடப்பொறந்தவன்னா திட்டிட்டு வுட்டுடுவாரு. உன்னைன்னா வூட்டுக்குள்ள சேக்க மாட்டாரு" என்றாய். அவர் ஆறு மாதம் உன்னோடு பேசவில்லை. வேறு முதலாளியிடம் பாவு கிடைக்கும்வரை அந்தத் தறி சும்மா கிடந்தது.

அந்த வரியை அன்றே அழித்தோம். அதற்குள் மூன்று கல்லூரிகள் நம் பக்கத்தை அப்படியே எடுத்துப் போட்டிருந்தன. எல்லோருக்கும் மின்னஞ்சல் எழுதினாய். இரண்டு பேர் நீக்கினார்கள். மூன்றாவதைப் பார்த்துக்கொள்ள அங்கே ஆளே இல்லை. உன் கடைசித் திங்கட்கிழமை வரை அது சிவப்பு மையில் இருந்தது.

இன்று மாலை அண்ணன் வீட்டுக்குப் போனேன். தறியில் இருந்தார், மறுபக்கம் அண்ணி. எழுந்திருக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு நின்றபடியே சொன்னேன். விலாசத்தைப் போட்டது நான், அவன் இல்லை என்று.

"தெரியும்" என்றார், தறியில் ஓடும் நாடாவை நிறுத்தாமல். "கேக்காம எதையும் எழுதமாட்டான் அவன். அன்னிக்கே தெரியும்."

"அப்புறம் ஏன் அவன்கிட்டப் பேசாம இருந்தீங்க?"

"என்கிட்டயே பொய் சொன்னானே, அதுக்குத்தான்."

அண்ணி எதிர்ப்பக்கமிருந்து என்னைப் பார்த்து, "சாப்ட்டுட்டுப் போப்பா" என்றாள். சாப்பிட்டேன். உன் இடத்தில்தான் உட்காரச் சொன்னார்கள்.

உன் நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. திங்கட்கிழமைகளில் இணைப்புகளை நான் அழுத்திப் பார்க்கிறேன். அந்த மூன்றாவது கல்லூரிக்கு நாளை நேரிலேயே போகிறேன். நம் பக்கத்தில் ஆறாவது கட்டம் ஏன் காலியாக இருக்கிறது என்று புதிய நூலகர் போன வாரம் கேட்டார். சரிபார்த்தாயிற்று சார், அது அப்படித்தான் இருக்க வேண்டும் என்றேன்.